அருவியைச் சந்தேகித்தவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் முதலமடையில் முதல் மாம்பூ எந்த வாரம் வந்தது, கோடை மழை என்றைக்குத் தொடங்கியது, எந்தத் தோப்பு எப்போது கைமாறியது என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என் வீட்டுக்கு வருவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அன்றாடம் நடப்பதைத் தேதி போட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு முற்றிவிட்டது. அவர் எதிர் வீட்டுக்காரர். மற்றவர்கள் எழுதியதைக் கேட்க வருவார்கள். அவரோ நான் ஏன் எழுதுகிறேன் என்று விசாரிக்க வந்தார்.

"ஏனுங்க மாஷே, இதெல்லாம் யாருக்கோசரம் எழுதறீங்க?"

"யாருக்காகவும் இல்லைங்க. சும்மாதான்."

"சும்மா யாருங்க எழுதுவாங்க? நாளைக்குக் கோர்ட்டுல எவனாச்சும் கேட்டா எடுத்துக் காட்டுவீங்க. என்ற பேரு அதுல இருக்கக் கூடாது. நான் என்னைக்கு எங்க போனேன்னு தேதியும் இருக்கக் கூடாது."

ஆகவே இதில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நாங்கள் அருவி பார்க்கப் போனது ஓணத்துக்கு அடுத்த வாரம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எந்த ஓணம் என்று சொன்னால் அவர் மேலிருந்து கோபித்துக்கொள்ளக் கூடும்.

மாம்பழ மண்டி வைத்திருந்தார். தோப்புக்காரர்களிடம் காய் எடுத்து, ரகம் பிரித்து, பெட்டி கட்டி லாரியில் வடக்கே அனுப்புகிற தொழில். பெட்டி வந்து இறங்கினால் கண்ணுக்குத் தெரிகிற காயை அவர் பார்க்கவே மாட்டார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, வைக்கோலுக்குள் முழங்கைவரை விட்டு, அடியில் கிடப்பதில் ஒன்றைத் துழாவி எடுப்பார். முகர்ந்து, அழுத்தி, காம்பை நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் பேச்சு. "மேலடுக்கு விக்கறதுக்கு. அடியடுக்குத்தான் உள்ளது" என்பது அவருடைய வேதம்.

மண்டியில் இது தொழில் புத்தி. பிரச்சினை என்னவென்றால், மண்டியைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கல்யாணப் பந்தியில் இலைக் கட்டின் அடியிலிருந்துதான் தனக்கு இலை உருவிப் போடச் சொல்வார். பஞ்சாமிர்த டப்பாவைக்கூடத் தலைகீழாகக் கவிழ்த்துத் திறப்பார். கொரோனா ஊசி போட வந்த நர்ஸிடம், "நீங்க போட்டுட்டீங்களா? எங்க, கையக் காட்டுங்க" என்று கேட்டார். டிவியில் கனமழை எச்சரிக்கை வந்தால், "குடைக் கம்பெனிக்காரன் ஏதோ குடுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். டிவியையும் நம்ப மாட்டார், தன்னையும் முழுக்க நம்ப மாட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாததும் உண்டு. வாலிப வயதிலிருந்து அவரிடம் பெட்டி கட்டிய ஓர் ஆள் இருந்தார். ஒருநாள் மாலை அந்த ஆள் வீட்டுக்குக் கிளம்பும்போது, இவர் பேச்சுவாக்கில் அவருடைய சோற்றுத் தூக்கை வாங்கி, கனம் பார்ப்பதுபோல ஒருமுறை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தூக்கு காலி. அந்த ஆள் அதை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை; பிறகு ஒருநாளும் வரவில்லை.

"பாத்தீங்களா மாஷே, குத்தமுள்ள நெஞ்சு" என்றார் இவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, இன்னொரு டாக்டரிடம் போனார். அங்கிருந்து கோயம்புத்தூர் போனார். எல்லா இடத்திலும் ஒன்றையே சொன்னார்கள். "எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்கன்னா பேசி வெச்சிருக்கறாங்க" என்றார். அவர் நம்பி முடிப்பதற்குள் நோய் வெகுதூரம் போய்விட்டது. அடுத்த சித்திரையில் அந்த அம்மா இல்லை.

வீட்டில் அவரும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். மகள் மலைமேல் ஒரு கல்லூரியில் படித்துவிட்டு வந்து, கொல்லங்கோட்டில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். கூடப் படித்த பையனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன் என்று அவள் சொன்ன நாளில், என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். சாட்சிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பையன் இடுக்கிப் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன். தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற ஓர் அருவியில், ஆட்களை அழைத்துப்போய்க் காட்டிக் கூட்டி வருகிற வாச்சர் வேலை. பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு விஷயம் எட்டியதும், "நம்ம சனம் இல்லியே" என்று போன் மேல் போன். அவர்களிடம் இவர் சொன்ன பதிலை என் காதால் கேட்டேன். "சனமெல்லாம் மேலடுக்குங்க. அடியில என்ன கெடக்குதுன்னு நான் பாத்துக்கறேன். நீங்க போன வைங்க."

அப்படிச் சொன்னவரைப் பார்த்து மகள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் படவில்லை. அவளுக்கு அப்பாவைத் தெரியும்.

"நீங்க போய்ப் பாருங்கப்பா. வேண்டாம்னு சொல்றதா இருந்தா, உங்க கண்ணால பாத்த ஒரு காரணம் சொல்லோணும். சொன்னா நான் கேட்டுக்கறேன். இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோன்னு சொன்னீங்கன்னா நான் பாட்டுக்குக் கெளம்பிப் போயிருவேன். அம்மாவுக்குப் பண்ணின மாதிரி எனக்குப் பண்ண வேண்டாம்."

அவர் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் யாரும் அந்த வாக்கியத்தை அதுவரை சொன்னதில்லை.

பெண் கொடுக்கிற இடத்தை ரகசியமாகப் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. டீக்கடையில் உட்கார்ந்து, வேறு எதையோ கேட்பதுபோல் கேட்டு, குடி உண்டா, கடன் உண்டா என்று தெரிந்துகொண்டு வருவார்கள். அவர் இதை ஒரு படையெடுப்புபோலத் திட்டமிட்டார். உடுமலைப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நண்பரோடு அருவி பார்க்க வந்திருக்கிறார், இதுதான் வேஷம். நண்பர் நான்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க மாஷே. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அருவியப் பாத்துட்டு நில்லுங்க."

இவ்வளவு யோசித்தவர், மாம்பெட்டி ஏற்றுகிற பிக்கப் வண்டியில்தான் கிளம்பினார். வேறு வண்டி எடுத்தால் டிரைவரை நம்ப வேண்டும். வண்டியின் பின்னால் போன சீசன் வைக்கோல் அப்படியே கிடந்தது. கதவில் அல்போன்சா மாம்பழப் படம். கிளம்பும்போது மகள் வாசலில் நின்று போனில் ஒரு படம் எடுத்தாள்.

"எதுக்குக் கண்ணு போட்டோ?"

"நீங்க டூர் போய் நான் பாத்ததே இல்லியேப்பா. அதான்."

பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகிறோமா என்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்து முடித்ததும், சீட்டுக்கடியில் எதையாவது வைத்துவிட்டார்களா என்று இவர் பார்த்தார். மறையூரில் வெல்லம் வாங்கினோம். கடைக்காரன் நீட்டியதை விட்டுவிட்டு, மூட்டையின் அடியிலிருந்து எடுக்கச் சொன்னார். அதற்கு அப்புறம் தேயிலை மலைகள் தொடங்கின.

பையன் டிக்கெட் கொடுக்கிற இடத்திலேயே நின்றான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். ஒல்லி. எங்கள் வண்டியை ஒருமுறை பார்த்தான், வைக்கோலை இன்னொருமுறை பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்து, "வாங்கய்யா, பாதை வழுக்கும், என் பின்னாலயே வாங்க" என்றான்.

ஓணம் முடிந்த வாரம் என்பதால் கூட்டம் குறைவு. சோலை மரங்களுக்கு நடுவே கல் பாவிய பாதை. சத்தம் முதலில் வந்தது, பிறகு ஈரக்காற்று, பிறகு ஒரு திருப்பத்தில் அருவி. பாறையின் உச்சியிலிருந்து வெள்ளையாக இறங்கி, நடுவில் ஒரு திண்டில் மோதி இரண்டாகப் பிரிந்து, கீழே மறுபடி ஒன்றாகிறது. நான் நின்றுவிட்டேன். பேச வேண்டாம் என்று அவர் சொல்லியே இருக்க வேண்டியதில்லை.

அவர் அண்ணாந்து அருவியின் தலையை மட்டும் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மேகமில்லாத வெயில்.

"தம்பி, மழை பேஞ்சு எத்தன நாளாச்சு?"

"இந்த வாரம் மழை இல்லைங்கய்யா."

"அப்பறம் இத்தன தண்ணி எப்படி வருது?"

"சோலைல ஊறி வாரது. கோடையிலயும் லேசா வந்துக்கிட்டே இருக்கும்."

அவர் என் காதருகே வந்தார். "மேல ஷட்டர் இருக்குதுங்க மாஷே. காலைல டிக்கெட் குடுக்கறப்பத் தெறந்து உடறாங்க. சாயந்திரம் மூடிருவாங்க."

"அருவிக்கு ஏதுங்க ஷட்டர்?"

"பாத்தீங்களா? பாக்காமயே இல்லைங்கறீங்க."

பாறைக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று மூன்று மொழிகளில் பலகை. இவருக்குச் சோதனை கிடைத்துவிட்டது. "தம்பி, கயித்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிசம் உடு. மேல போய்ப் பாத்துட்டு வந்தர்றேன்."

"முடியாதுங்கய்யா. பாசிப் பாறை. மேல யானை நடமாட்டமும் இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை மடித்து அவன் உள்ளங்கையில் அழுத்தினார். அவன் அதை அப்படியே அவர் பையில் திருப்பி வைத்தான். வைத்துவிட்டுப் பையைத் தட்டியும் விட்டான். வேறு ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கயிற்றருகே போக, விசிலடித்துக்கொண்டு அங்கே ஓடினான்.

"வாங்க மாட்டேங்கறானே" என்றேன்.

"கம்மின்னு நெனச்சுட்டானாட்டருக்குது."

வாங்கியிருந்தால் லஞ்சக்காரன், வாங்காததால் பேராசைக்காரன். அந்தப் பெண் கேட்ட காரணம் இவருக்குக் கிடைத்தே தீரும், எந்தப் பக்கம் போனாலும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது. அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவர் பக்கத்தில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறையோரப் புதருக்குள் மேலே ஏறிக்கொண்டிருந்தார். செருப்பு இரண்டும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக ஜோடியாக இருந்தன. நான் கத்தியது அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பையன் பார்த்துவிட்டான். விசில் ஊதாமல் ஓடினான்; ஊதினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார் என்று நினைத்திருக்கலாம். கொஞ்ச நேரம் இருவரையும் காணவில்லை. பிறகு, பையன் முன்னால் பின்பக்கமாகவே காலை வைத்து இறங்க, இவர் அவன் தோளை விடாமல் புதரிலிருந்து வெளியே வந்தார். முழங்காலில் ரத்தம். கண்ணில் மட்டும் ஒரு பிரகாசம்.

"மேல என்னங்க இருக்குது?" என்றேன்.

"இன்னொரு அருவி இருக்குதுங்க. அதுக்கும் மேல என்னமோ இருக்குது. அதுக்குள்ள இவன் வந்துட்டான்."

பையன் எங்களை டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து அறையில் பெஞ்சில் உட்கார வைத்தான். முழங்காலுக்கு மருந்து போட்டான். ரேஞ்சருக்கு அவனே போன் செய்தான். "கயிறு தாண்டுனா சொல்லியே ஆகணும்யா" என்று எங்களிடம் சொல்லவும் செய்தான்.

ரேஞ்சர் வந்தார். மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். முதல் கேள்வியே, "எந்தா பேரு? எந்த ஊரு?"

இவர் எழுந்து நின்று, வராத ஒரு பெயரை வரவழைத்துச் சொன்னார். "உடுமலைப்பேட்டைங்க சார். ஜவுளிக்கடைங்க."

ரேஞ்சர் எழுதப் போனார். கதவருகில் நின்ற பையன் ஒரு கணம் தரையைப் பார்த்தான். காதுகள் சிவந்துவிட்டன. பிறகு, "சாரே, பேரு அது இல்ல" என்றான். "ஊரு முதலமடை. மாங்கா மண்டி. எனக்கு வேண்டியவங்கதான் சார். ஆனா தாண்டுனாங்க."

தன்னை யாரென்று தெரிந்துகொண்டே உட்கார வைத்து, தெரிந்துகொண்டே புகார் சொல்லி, தெரிந்துகொண்டே தன் பொய்யையும் உடைத்த பையனை அவர் திரும்பிப் பார்த்தார். பெட்டிக்குள் முழங்கைவரை கை விட்டவர், அடியில் என்ன தட்டுப்படுகிறது என்று புரியாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ரேஞ்சர் அபராதம் போட்டார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று திட்டினார். வெளியே வந்ததும் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். கடையில் ஓர் அம்மா. காதில் சின்னக் கம்மல், சேலைக்கு மேலே ஆண் சட்டை. கேட்காமலே இரண்டு டீ வந்தது. இவர் டம்ளரின் அடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கழுவித்தான் இருக்கு, குடிங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "அங்கன பேசுனது கேட்டுச்சு. என் மகனுக்குப் பொய் சொல்லத் தெரியல, கோவிச்சுக்காதீக. சின்னதுலருந்தே அப்படித்தான்."

டீ இவர் வேட்டியில் சிந்தியது. "ஏனுங்க, நாங்க யாருன்னு உங்களுக்கு..."

"பங்குனியில உங்க மண்டிக்கு வந்தேன்ல. ஏலப்பாறையில தங்கச்சி வீட்டு விசேசத்துக்குப் பழம் வேணும்னு ஒரு பெட்டி வாங்குனேன். நீங்கதான் எடுத்துக் குடுத்தீக. சம்பந்தம் பண்ணப் போற வீட்டப் பாக்காம இருக்க முடியுமா?"

"அது... பழமெல்லாம்..."

"வீட்டுக்குக் கொண்டாந்து தரையில கொட்டித்தான் பாத்தேன். அடியிலயும் நல்லாத்தான் இருந்துச்சு." அந்த அம்மா பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதுல இருந்துதான் எனக்குச் சந்தேகம். அடியிலயும் நல்ல பழம் வைக்கிற வியாபாரி வேற எதையோ மறைக்காருன்னு."

அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றும் சிரிக்கவில்லை. ஆனால் மீதி டீயை, ஆறிப்போன பிறகும், கடைசிவரை குடித்தார்.

திரும்பும் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தன. உடுமலை வெளிச்சங்கள் தெரிந்தபோது நானே கேட்டேன். "காரணம் கிடைச்சுதுங்களா?"

"பெரிய மனுசன்னு பாக்காம ஆபீசரு முன்னால என்ற மானத்த வாங்கிட்டானுங்க."

"அதைச் சொல்லப் போறீங்களா?"

அவர் கியரை மாற்றினார்.

மகள் வாசலில் நின்றாள். முழங்கால் கட்டைப் பார்த்தாள். "சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் வெகுநேரம் கால் கழுவினார்.

"கெடைக்கலெ கண்ணு."

"என்னது கெடைக்கலெ?"

"காரணம் கெடைக்கலெங்கறேனல்ல. அதுக்கு மேல என்ன கேக்கறே?"

அவள் உள்ளே ஓடினாள். குளியலறையில் குழாய் திறந்தது; மூடவே இல்லை. அழுகை கேட்கக் கூடாது என்று திறந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். "தண்ணி சும்மா போகுது பாரு" என்று முணுமுணுத்தாரே தவிர, எழுந்து போய் மூடச் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றினார்கள். இரண்டு பக்கமும் பழம், வெற்றிலை, தேங்காய். மாப்பிள்ளையின் அம்மா கொடுத்த தட்டை வாங்கியதும், பழக்க தோஷத்தில் இவருடைய வலது கை மேலிருந்த ஆப்பிளுக்கு அடியில் போய்விட்டது. சபை பார்த்துவிட்டது. பொள்ளாச்சிச் சொந்தங்கள் இதற்காகவே காத்திருந்ததுபோல் தலையைத் தூக்கினார்கள். இவர் கையை எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் எதிரே பார்த்தார். அங்கே அந்த அம்மாவின் கையும் இவர் கொடுத்த தட்டில், ஆரஞ்சுகளுக்கு அடியில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?"

"இருக்குதுங்க. உங்குளுதுங்க?"

"இருக்கு, இருக்கு."

கெட்டிமேளம் ஒரு நொடி தாமதமாகத்தான் வாசித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் மாதாமாதம் மலைக்குப் போனார். மகளைப் பார்க்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஷட்டர் விவகாரம் இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வார். மாப்பிள்ளை அவரைக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்தான்.

அவர் சந்தேகம் ஒரு தொற்றுநோய். அவரோடு பழகிய எனக்கும் அது தொற்றியது. அன்று காலை மகள் எடுத்த அந்தப் படம் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மண்டிக்கு வந்து போனது பங்குனியில். ஆனால் நாங்கள் அன்றைக்குத்தான் வருகிறோம், வேஷம் போட்டு வருகிறோம் என்று பையனுக்கு யார் சொன்னது? அவர் உயிரோடு இருந்த கடைசி மாம்பழ சீசனில், மண்டியில் ஆளில்லாத ஒரு மத்தியானம் கேட்டுவிட்டேன்.

"அந்தப் போட்டோவ உங்க பொண்ணு அவனுக்கு அனுப்பியிருப்பாங்களோ? 'அப்பா வர்றாரு, காசு குடுத்தா வாங்காதே, பொய் சொன்னா ஒத்துக்காதே'ன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்களோ?"

அவர் பெட்டிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்லிக் குடுக்காம என்னங்க? வண்டி வாசலத் தாண்டறதுக்குள்ள அனுப்பியிருப்பா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சம்மதிச்சீங்க?"

அடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, முகர்ந்தும் பார்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"ஆபீசரு முன்னால, மாமனாரு மானம் போகுதுன்னு தெரிஞ்சும், என்ற பொண்ணு சொன்ன ஒரு சொல்லக்கூட அவன் தட்டல. இதுக்கு அடியில இன்னும் என்னத்தங்க மாஷே தேடறது?"